புதுச்சேரியில் ஜன்னலுக்கு டைட்டானியம் டை ஆக்சைடு பூச்சு: காசு கொடுக்கலாமா?

கடற்கரையை ஒட்டிய வீடுகளில் ஜன்னல் கண்ணாடி உப்புக்காற்றில் சீக்கிரமே மங்கிவிடும். அதற்குத்தான் ‘தானே சுத்தமாகும்’ என்று சொல்லி, டைட்டானியம் டை ஆக்சைடு தெளிப்புப் பூச்சை வீட்டுக்கே வந்து அடித்துத் தருகிறார்கள். வெயிலும் மழையும் நேராகப் படும் வெளிப்பக்கக் கண்ணாடி என்றால் தாராளமாக அடிக்கலாம். உள்பக்கத்துக்கும், ஆழமான சன்ஷேடுக்குக் கீழே இருக்கும் ஜன்னலுக்கும் வேண்டாம். சோலார் பேனலுக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

பூச்சில் இருக்கவேண்டியது டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் என்ற படிக வடிவம். 388 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளிதான் அதைத் தூண்டும். தூண்டியதும் கண்ணாடியில் ஒட்டிய எண்ணெய்ப்பசை, புகை போன்ற கரிம அழுக்கு சிதையும். தண்ணீரும் துளியாக நிற்காமல் படலமாகப் பரவும். உப்பும் மணலும் சிதையவே சிதையாது, அந்தத் தண்ணீர்ப் படலம்தான் அவற்றை அடித்துக்கொண்டு போகவேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கண்ணாடி பளிச்சென்று இருந்துவிட்டு, மழையில்லாத மாதங்களில் மங்குவது இதனால்தான். அப்போது ஹோஸ் போட்டுக் கழுவுங்கள், ஆனால் கடினமான போர் தண்ணீர் காய்ந்தால் சுண்ணாம்புக் கறை விடும்.

விற்பவர்கள் நீட்டும் எக்ஸ்ஆர்டி அறிக்கையை, அதாவது எக்ஸ் கதிரால் படிக வகையைக் கண்டுபிடிக்கும் சோதனையின் அறிக்கையை, உற்றுப் பாருங்கள். 25.3 டிகிரியில் கூர்மையான முகடு இருந்தால் அனடேஸ், 27.4 என்றால் ரூட்டைல் என்ற வேறு படிக வடிவம். ஆனால் அது பெரும்பாலும் பொடியை வைத்து எடுத்தது. 50, 100 நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தைச் சாதாரண முறையில் வைத்தால் கண்ணாடியின் அகலமான மேடுதான் தெரியும். கதிரை ஒரு டிகிரிக்கும் குறைந்த சாய்வில் விடும் கிரேஸிங் இன்சிடன்ஸ் முறை வேண்டும். காலாப்பட்டிலுள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கருவிக்கூடம் போன்ற இடத்துக்குப் பூச்சடித்த கண்ணாடித் துண்டு அனுப்புவதானால், அந்த வசதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய நம்பகமான சோதனை துளிதான். ஒரே கண்ணாடியில் பாதிக்கு டேப் ஒட்டி, மீதியில் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் நல்ல வெயில் காட்டுங்கள். பிறகு கண்ணாடியைச் சமதளமாக வைத்து, யூ-100 இன்சுலின் ஊசியில் அரை யூனிட், அதாவது 5 மைக்ரோலிட்டர் பேட்டரி தண்ணீரை (காய்ச்சி வடித்த தண்ணீர், ஆசிட் அல்ல) நுனியில் தொங்கவிட்டுப் பரப்பில் தொட்டு இறக்குங்கள். துளி பெரிதானால் தன் எடையிலேயே தட்டையாகி அளவு பொய்யாகும். போனைக் கண்ணாடி மட்டத்தில் வைத்துப் பக்கவாட்டில் படமெடுத்து, இலவசமாகக் கிடைக்கும் இமேஜ்ஜே மென்பொருளில், துளியின் விளிம்பு கண்ணாடியோடு சேரும் கோணத்தை அளக்கலாம். 10 டிகிரிக்குக் கீழே வந்தால் பூச்சு வேலை செய்கிறது. 40, 50 டிகிரியில் துளி திரண்டு நின்றால் வெயில் போதவில்லை, இல்லையென்றால் மேலே ஏதோ படிந்திருக்கிறது.

அந்த ‘ஏதோ’ பல வீடுகளில் சிலிக்கான் சீலண்ட். ஃபிரேம் ஓரத்திலிருந்து கசியும் சிலிக்கான் எண்ணெய் கண்ணாடி மேல் மெல்லப் பரவி, ஓரத்தில் ஒரு பட்டைக்குத் துளி நிற்கத் தொடங்கும். சிலிக்கான் கலந்த கிளீனரும் இதையே செய்யும். அதனால் பூச்சுக்கு முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஓரம்வரை துடைக்கச் சொல்லுங்கள். இந்த இடத்தில்தான் வேலையாட்கள் அவசரப்படுகிறார்கள்.

சூளையில் 450 டிகிரி செல்சியஸில் சுட்ட படலத்தின் பிடிப்பு இந்தத் தெளிப்புக்குக் கிடையாது. ஏற்கெனவே படிகமான நானோத் துகள்களை ஒரு பிணைப்பான்தான் பிடித்து வைத்திருக்கிறது. அது சிலிக்கா வகையா என்று கேளுங்கள். கரிமப் பிசின் என்றால் பூச்சே அதைத் தின்றுவிடும், விரலில் வெள்ளைப் பொடி ஒட்டும். ஸ்க்ரப்பரும் பிளேடும் எந்த வகைக்கும் ஆகாது.

பேனல் விஷயம்: சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52, அடர்த்தியான அனடேஸ் படலத்துக்கு 2.5 வரை போகும். எனவே ஒளி கூடுதலாகத் திரும்பிப் போகும். பேனலில் ஏற்கெனவே எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இருந்தால் அதன் பலனும் கெடும். ஜன்னலிலும் வானவில் திட்டுகள் தெரிந்தால் படலம் தடித்தும் மெலிந்தும் விழுந்திருக்கிறது, மறுபடி அடித்த பிறகே பணம் கொடுங்கள்.