“சின்னப் பசங்க ரைஃபிள், லைசென்ஸ் வேண்டாம்” என்று வேலூர்ப் பக்கம் யாராவது போன் செய்தால்

வேலூர், காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கம் பிள்ளைகளைத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். செகண்ட் ஹேண்ட் ரைஃபிள் மலிவாக வாங்கித் தருகிறேன் என்று ஒரு புரோக்கர் இந்த வட்டாரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறார். எங்களிடம் 18,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு இரண்டு விதமாக ஏமாற்றப் பார்த்தார். பணம் இன்னும் வரவில்லை.

என் தங்கை மகள் எட்டாம் வகுப்பு. காற்றழுத்தத்தில் சுடும் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். காதுகுத்துக்குத் தோடு போட்ட மாமன்தான் ரைஃபிளும் வாங்கித் தர வேண்டும் என்று தங்கச்சி தீர்மானித்துவிட்டாள். போட்டிக்கென்று செய்த வெளிநாட்டு மேட்ச் ரைஃபிள் புதிதாக வாங்கினால் லட்சக்கணக்கில் போகும். அதனால் பழையது கிடைக்குமா என்று நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தோம். அது எப்படியோ இவர் காதுக்குப் போயிருக்கிறது.

போனில் பேச்சு தேனாக இருந்தது. “அண்ணா, யூத் மாடல், பாயின்ட் 22. சின்னப் பசங்க தூக்குற வெயிட்டுதான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல லைசென்ஸே வேணாம். ஜிபேல அட்வான்ஸ் போட்டீங்கன்னா நானே கொண்டு வந்து காட்டுறேன்.” பாயின்ட் 22 (குழாயின் விட்டம் 0.22 அங்குலம்) என்றதும் பாப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சீனியர் அக்காக்கள் 50 மீட்டரில் சுடுவது அதுதானே. நம்மில் பலரும் என்.சி.சி. கேம்ப்பில் பாயின்ட் 22 தொட்டவர்கள்தான். அந்தப் பழக்கத்தில், அது ஏதோ ஏர் கன்னுக்கு அண்ணன் என்ற நினைப்பு ஊரில் பரவலாக இருக்கிறது. புரோக்கரின் பிழைப்பே அந்த நினைப்பில்தான் ஓடுகிறது.

உண்மை வேறு. பாயின்ட் 22 ரிம்ஃபயர் என்பது வெடிமருந்துத் தோட்டா. தோட்டாவின் அடிவிளிம்பில் ஊசி அடித்து வெடிக்கும், அதனால்தான் அந்தப் பெயர். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளின் பெல்லட் ஏறக்குறைய எட்டு ஜூல் ஆற்றலோடு வெளியே வரும். சாதாரண பாயின்ட் 22 தோட்டா நூறு ஜூலைத் தாண்டும், தடுப்பு இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். சட்டப்படி இது முழுத் துப்பாக்கி. ஆயுதச் சட்டம் 1959 சொல்வது: உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது, 21 வயது நிரம்பாதவர் சொந்தமாக வைத்திருக்கவே கூடாது. விதித்த வயதை எட்டிய பிள்ளைகள் பயிற்சிக்காக, பொறுப்பானவர் நேர்பார்வையில் சுடலாம், அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வீட்டு பீரோவில் வைக்க எந்தக் கோட்டாவும் கிடையாது.

சரி, பொருளைப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று போனோம். அவர் வரச் சொன்ன இடம் காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜ். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் பாத்திரம் பண்டத்தோடு தங்கியிருக்கும் இடத்தில், மாடி அறையில், வாசிக்கிற கீபோர்டின் உறையிலிருந்து ஒரு ரைஃபிளை உருவிக் கட்டிலில் போட்டார். என்னோடு வந்தவர் கம்மவான்பேட்டைக்காரர், ஓய்வு பெற்ற சுபேதார். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் பின்பக்கம் தோட்டாவை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துவிட்டார்.

தோட்டா உட்காரும் சேம்பரின் வாய் விளிம்பில், ஊசி அடிக்கிற இடத்தில், நகத்தால் கீறினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு பள்ளம். தோட்டா இல்லாமல் வெறுமனே சுட்டுச் சுட்டுப் பழகிய ரிம்ஃபயரில் இப்படி ஆகுமாம். தோட்டாவின் விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஊசி இரும்பையே அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பேரலுக்குள் துணி விட்டு இழுத்தால் செங்கல் பொடி மாதிரி துரு வந்தது. “யூத் மாடல்” என்றது வேறொன்றுமில்லை, பெரியவர்கள் ரைஃபிளில் தோளில் வைக்கும் கட்டையை ரம்பத்தால் அறுத்து, பின்னால் ஒரு ரப்பரை ஒட்டியிருந்தார்கள். அறுப்பும் கோணல். பிள்ளைகளுக்கென்று செய்த ரைஃபிளில் கட்டையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கத் துண்டுகள் இருக்கும், யாரும் ரம்பம் எடுக்க மாட்டார்கள்.

இதெல்லாம் தரம் பற்றிய குறை. அடுத்துப் பார்த்ததுதான் வயிற்றைக் கலக்கியது. சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடம் அரத்தால் தேய்த்து மழமழவென்று இருந்தது. அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்பதே ஆயுதச் சட்டத்தின் 8வது பிரிவின்படி குற்றம். அதைக் கேட்டதற்கு ஒரு ஜெராக்ஸை நீட்டினார். மேலே “வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்” என்று முத்திரை. அந்த மாவட்டம் 1989ல் பிறந்து, 1996ல் வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறி, 2019ல் அதுவும் மூன்றாக உடைந்துவிட்டது. அதற்கப்புறம் புதுப்பித்ததாக ஒரு கையெழுத்துகூட இல்லை. இப்போது உரிமங்களுக்கெல்லாம் தேசிய தரவுத்தளத்தின் தனி எண் இருக்க வேண்டும், அதுவும் இல்லை. “பெரியவர் தவறிட்டாரு, பையன் விக்கிறான், பேரு மாத்தறது அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். அப்புறம் பார்த்துக்கொள்ளும் சமாச்சாரமா இது? முறையாக உரிமம் உள்ளவரே இன்னொரு உரிமதாரருக்கு விற்பதென்றாலும், வாங்குபவரின் பெயர், முகவரியோடு கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். உரிமம் இல்லாமல் கையில் வாங்கினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, இரண்டு வருடத்துக்குக் குறையாத சிறை. சுபேதார் ரைஃபிளைக் கட்டிலிலேயே வைத்துவிட்டு, “கையை எடு, வா போலாம்” என்று என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். அதற்கு அடுத்த நாடகம். “அண்ணா கோச்சுக்காதீங்க, அதே காசுக்கு ஏர் ரைஃபிளே தரேன், இதுக்கு நெஜமாவே லைசென்ஸ் கெடையாது” என்று ஒரு பையன் மூலம் கோச்சிடமே கொண்டு வந்து காட்டச் சொன்னார். ஏர் ரைஃபிள்தானே என்று தங்கச்சிக்கு முகம் மலர்ந்தது. கோச் ஒன்றும் பேசவில்லை. பாப்பாவின் டப்பாவிலிருந்து ஒரு 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டை எடுத்து, பேரலை மடக்கிப் பின்பக்கமாகப் போட்டார். அது சறுக்கிக்கொண்டு போய் முன்வாய் வழியாக மேஜையில் டிக்கென்று விழுந்தது. பேரல் 5.5 மில்லிமீட்டர், அதாவது ஏர் கன்னில் வரும் பாயின்ட் 22. 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவைப்படாத ஏர் ரைஃபிளுக்கு இரண்டு வரம்பு: குழாயின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. முதல் வரம்பிலேயே இது வெளியே. போட்டிக்கும் உதவாது, பத்து மீட்டரில் 4.5 மட்டும்தான். போதாததற்கு ஸ்பிரிங் கன், மடக்கி ஏற்ற பாப்பா இரண்டு கையாலும் தொங்க வேண்டும். பையன் பாவம், டீக்குடித்துவிட்டு உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பழைய ஏர் ரைஃபிளே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கோச் சொன்னதை அப்படியே தருகிறேன். காற்று சிலிண்டர் வைத்த மாடலானால் சிலிண்டர் மேல் உற்பத்தித் தேதி பொறித்திருக்கும், அதை முதலில் பாருங்கள். மேட்ச் ரைஃபிள் சிலிண்டர்களுக்குப் பொதுவாகப் பத்து வருடம்தான் ஆயுள், தேதி போனதைச் சர்வதேசப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். தேதி மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துப் பாருங்கள். விற்பவர் உரிக்க விடாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள், 200 பார் அழுத்தம் ஏறும் சிலிண்டர் அது, நம் ஊர் சித்திரை வெயிலும் சேர்ந்துகொள்ளும். பில், விற்பவரின் அடையாள அட்டை நகல், இரண்டும் வேண்டும். பயிற்சிக் கூடத்துக்கு வெளியே, லாட்ஜ், டீக்கடை, கிரீன் சர்க்கிள் ஓரம் என்று எங்கேயும் பொருளைப் பார்க்கப் போகாதீர்கள். நேர்மையாக விற்பவருக்குக் கோச் முன்னால் வைத்துக் காட்டுவதில் என்ன கஷ்டம்?

பாப்பா இப்போதைக்குக் கிளப் ரைஃபிளில் முறை வைத்துச் சுடுகிறாள். ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம், பணம் போன விவரத்தை சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கும் சொல்லியாயிற்று. ரைஃபிள் பற்றிய விவரமும் புகாரில் இருக்கிறது. தேய்த்த நம்பரோடு அது இன்னும் எங்கோ ஒரு கீபோர்டு உறைக்குள் இருக்கிறது என்பதுதான் பணத்தைவிடப் பெரிய கவலை. ஆற்காட்டில் இன்னொரு குடும்பமும் இதே ஆளிடம் அட்வான்ஸ் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். அவர்களோ, வேறு யாரோ இதைப் படித்தால், ஜிபே ரசீதையும் அவர் அனுப்பிய படங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் ஸ்டேஷனிலேயே ஒரு புகார் கொடுங்கள், எங்கள் புகாரோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம்.