திருநின்றவூர்ல மூணு வாரம்: அம்மா வீட்டு வாசலுக்கு வந்த சேவைகள்

2024 நவம்பர்ல லீவு போட்டு சிங்கப்பூர்லேர்ந்து ஊருக்குப் போய் அம்மாகூட மூணு வாரம் இருந்துட்டு வந்தேன். ஊர் திருநின்றவூர், சென்னைலேர்ந்து சுமார் 30 கிலோமீட்டர், ஆவடி தாண்டி திருவள்ளூர் போற லைன். நான் பார்த்து வளர்ந்த நெல்லு வயல்ல பாதி இப்ப பிளாட் கல் நட்டு கிடக்கு, ஆனா பால்காரர் இன்னும் அதே சைக்கிள்ல கேனைக் கட்டிக்கிட்டு விடியக்காலைல வந்துடுறார்.

முக்கியமா சொல்ல வந்தது அம்மாவோட லைஃப் சர்டிஃபிகேட் பத்தி. அப்பா ஆவடில ராணுவ டேங்க் செய்யற ஃபேக்டரில வேலை பார்த்தவர், அம்மாவுக்கு ஃபேமிலி பென்ஷன் வருது, வருஷா வருஷம் நவம்பர்ல உயிரோட இருக்கோம்னு காட்டணும். முன்னெல்லாம் முட்டி வலியோட ஆட்டோ புடிச்சுப் போய் கால் கடுக்க நிப்பாங்க, நான் அங்கேர்ந்து போன்ல கேட்டுட்டு தவிச்சிட்டு இருப்பேன். இந்தத் தடவை போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்துட்டார். கைரேகை மெஷின்ல ரெண்டு மூணு தடவை வச்சும் ஏறல, வருஷக்கணக்கா பாத்திரம் தேய்ச்சு ரேகையே மழுங்கிப் போச்சு. அவர் கொஞ்சமும் சலிச்சுக்காம "கைய நல்லா சோப்பு போட்டு கழுவி துடைச்சிட்டு வாங்கம்மா, வேற விரல் பாப்போம்"னார். மோதிர விரல் வச்சதும் ஏறிடுச்சு. கொஞ்ச நேரத்துல போன்ல மெசேஜ். சார்ஜ் 70 ரூபா. எனக்கு நெஜமாவே கண்ணு கலங்கிடுச்சுங்க.

அதே மாதிரி பிரஷர், சுகர் மாத்திரையும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே கொண்டாந்து குடுக்குறாங்க. 2021ல ஆரம்பிச்சது. வர்ற அக்கா பிரஷர் பாத்துட்டு "உப்பைக் குறைங்கம்மா"ன்னு உரிமையா திட்டிட்டுப் போறாங்க, அம்மா நான் சொன்னா கேக்க மாட்டாங்க, அவங்க சொன்னா கேக்குறாங்க.

பேங்க் வேலைதான் ரொம்ப நோகடிச்சிடுச்சு. என்.ஆர்.ஓ அக்கவுண்ட் (வெளிநாட்டுல இருக்கவங்க நம்ம ஊர் பேங்க்ல வச்சுக்கிற கணக்கு) இருந்தா சிங்கப்பூர் நம்பர்லயே யுபிஐ போட்டுக்கலாம், அதுக்கு பேங்க்ல இருக்கிற போன் நம்பரை மாத்தணும். மூணு நாள் போனேன், ஒரு நாள் சர்வர் இல்ல, ஒரு நாள் ஆள் இல்ல, மூணாவது நாள் மறுபடி கேஒய்சி குடுக்கச் சொன்னாங்க. லீவுல வர்றவனுக்கு ஒவ்வொரு நாளும் எவ்ளோ பெருசுன்னு அங்க யாருக்கும் புரியல. பக்தவத்சலப் பெருமாள் கோயில் வாசல்ல பூ விக்கிற பாட்டிகூட க்யூஆர் அட்டை வச்சிருக்காங்க, நான் சில்லறைக்கு அலைஞ்சேன். பூ வாங்கி தாயார் சன்னிதில குடுத்துட்டு ரொம்ப நேரம் நின்னேன். அங்க தாயாருக்குப் பேரே என்னைப் பெற்ற தாயார்.

ஊர்ல பென்ஷன் வாங்குற அப்பா அம்மா இருக்கவங்க தபால் துறையோட போஸ்ட்இன்ஃபோ ஆப்புல ரிக்வெஸ்ட் போடுங்க, இல்லேன்னா உங்க தெரு போஸ்ட்மேன்கிட்டயே சொல்லி வைங்க. ஆதார் நம்பர், பிபிஓ நம்பர் (பென்ஷன் ஆர்டர்ல இருக்கிற நம்பர்), போன் மூணும் கையில ரெடியா இருக்கணும். மத்திய அரசு பென்ஷன் வாங்குறவங்கள்ல 80 வயசு தாண்டினவங்க அக்டோபர் 1லேர்ந்தே லைஃப் சர்டிஃபிகேட் குடுக்கலாம், நவம்பர் வரைக்கும் காத்திருக்க வேணாம்.