செடிக் கருவில் எந்த மரபணு எங்கே இயங்குகிறது: மூன்று முறைகள், ஓர் ஒப்பீடு

ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கப்படும் சிறு செடியான அராபிடாப்சிஸில் கருவுற்ற முட்டை முதல்முறை பிரிந்ததுமே மேல் செல் சிறியதாகவும் கீழ் செல் நீளமாகவும் அமைந்துவிடும். பிரிவதற்கு முன் ஒரே செல்லுக்குள் சேர்ந்திருந்த வாக்ஸ்2, வாக்ஸ்8 மரபணுக்களின் ஆர்என்ஏ (மரபணு இயங்கும்போது உருவாகும் நகல்), பிரிந்தபின் திசைக்கொன்றாகப் போய்விடுகிறது: வாக்ஸ்2 மேலே, வாக்ஸ்8 கீழே. கருவின் பெரும்பகுதி மேல் செல்லிலிருந்தும், கருவைத் தாங்கும் காம்பு போன்ற தாங்கி கீழ் செல்லிலிருந்தும் உருவாகும்.

இப்படி இடம் சுட்டிக் காட்டுவதில் இன் சிட்டு ஹைப்ரிடைசேஷனை மிஞ்ச ஆளில்லை. விதையை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, தேடும் ஆர்என்ஏவோடு மட்டும் ஒட்டும் ப்ரோபை (அடையாளமிட்ட ஆர்என்ஏ துண்டை) ஊற்றினால், அந்த ஆர்என்ஏ இருக்கும் செல் மட்டும் ஊதா நிறமாகும். ஆனால் ஒரு மரபணுவுக்கே பல நாள் வேலை.

தேடும் மரபணு இயங்கும் இடத்தில் எளிதில் காணக்கூடிய ஒரு புரதம் உருவாகும்படி மாற்றப்பட்ட ரிப்போர்ட்டர் செடிகள் வேகமானவை. அந்தப் புரதம் ஜிஎஃப்பி என்றால் உயிருள்ள கருவிலேயே ஒளிர்வதைப் பார்க்கலாம். இதில் என் தயக்கம் ஒன்றுதான். ஜிஎஃப்பி, நிறம் காட்டப் பயன்படும் கஸ் இரண்டுமே எளிதில் சிதையாத புரதங்கள். மரபணு அணைந்த பிறகும் மகள் செல்களில் அவை தங்கிவிடும். கரு சில மணி நேரத்துக்கொருமுறை பிரியும் கட்டத்தில் அந்த மிச்சம் நம்மை நன்றாகவே ஏமாற்றும்.

திசுவிலுள்ள ஆர்என்ஏக்களை ஒட்டுமொத்தமாகப் படிக்கும் ஆர்என்ஏ வரிசையாக்கம் ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே வீச்சில் தரும். சிக்கல் வேறு இடத்தில். கருவைச் சுற்றியுள்ள விதையுறை தாயின் திசு. கருவைப் பிரித்தெடுக்கும்போது விதையுறையின் ஆர்என்ஏவும் ஒட்டிக்கொண்டு வரும். இளங்கருவில் தாய்வழி ஆர்என்ஏவே மேலோங்கியிருப்பதாக 2011-இல் ஓர் ஆய்வு சொன்னது. தாய், தந்தை இரு பக்கமும் ஏறக்குறைய சமம் என்று 2012-இல் இன்னொன்று சொன்னது. 2017-இல் ஷோன், நோடின் என்ற ஆய்வாளர்கள் இருவரும், அதுவரை வெளியான கருத் தரவுகள் பலவற்றில் விதையுறை ஆர்என்ஏ கலந்திருப்பதைக் காட்டினார்கள்.

தனித்தனி நியூக்ளியஸாக (செல்லின் உட்கருவாக) பிரித்து வரிசைப்படுத்துவது இந்தக் கலப்பை இனங்காண உதவும். ஆனால் பிரித்த நொடியே எந்த நியூக்ளியஸ் எங்கிருந்தது என்பது போய்விடும். அதை மீட்கவும் இடம் தெரிந்த மரபணுக்களின் துணை வேண்டும். அந்த இடங்களில் பலவற்றைக் கண்டு சொன்னது பழைய ஊதா ஸ்லைடுகள்தான்.

ஆகவே வரிசையாக்கத் தரவில் பத்து மரபணுக்களைத் தேர்ந்து, அவற்றை இன் சிட்டுவில் சரிபார்த்து, கடைசியில் ரிப்போர்ட்டர் செய்வதே என் பரிந்துரை. ஸ்லைடுகளில் முதலில் பார்க்க வேண்டியது சென்ஸ் ப்ரோப் (தேடும் ஆர்என்ஏவின் அதே வரிசை கொண்டது, அதனால் அதோடு ஒட்டக்கூடாதது) போட்டதை. அதுவும் ஊதாவாக இருந்தால் அந்தச் சுற்றையே ஒதுக்கிவிடுங்கள்.