டிஎம்எஸ் காயிலை எங்கே வைப்பது: டேப்பா, சராசரி வரைபடமா, நோயாளியின் சொந்த ஸ்கேனா?

மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்குத் தலைமேல் காந்தச் சுருளை (காயில்) வைத்து மூளையைத் தூண்டும் சிகிச்சை டிஎம்எஸ். அதைத் தரும்போது, இடது முன்நெற்றிப் புறணியில் காயில் ஒரு செ.மீ. தள்ளினாலும் வேறொரு நரம்பு வலை தூண்டப்படலாம்.

தலையில் எந்த இடத்தைத் தூண்டினால் கட்டைவிரல் துடிக்கிறதோ அங்கிருந்து 5 செ.மீ. முன்னே நகர்த்துவது பழைய வழக்கம். தலை பெரிதோ சிறிதோ, அதே 5 செ.மீ.தான். 2001இல் 22 பேரிடம் சரிபார்த்தபோது 7 பேருக்கே இலக்கு பொருந்தியது. இதைக் கைவிட்டுவிடலாம்.

எஃப்3 என்பது மூளை அலைப் பதிவில் (இஇஜி) இடது முன்தலையில் மின்முனை வைக்கும் புள்ளி. அதை டேப்பால் கண்டுபிடிக்கும் பீம் எஃப்3 முறைக்கு மூன்று அளவுகள் போதும்: மூக்கின் வேரிலிருந்து பிடரி மேடு வரை, உச்சி வழியாகக் காதுக்குக் காது, தலைச்சுற்றளவு. ஸ்கேன் வசதி இல்லாத இடத்தில் இதுவே நல்ல தேர்வு. அடர்ந்த முடிமேல் டேப் தளர்ந்தால் கணக்குப் பிசகும்.

சராசரி வரைபடம், பலரின் எஃப்எம்ஆர்ஐ (மூளைச் செயல்பாட்டைக் காட்டும் ஸ்கேன்) தரவைச் சேர்த்துச் செய்தது. மனநிலையோடு தொடர்புடைய ஆழமான மூளைப் பகுதியான சப்ஜெனுவல் சிங்குலேட்டுக்கு எதிர்த்திசையில் செயல்பாடு ஏறி இறங்கும் புள்ளிகளே நன்றாகப் பலன் தந்தன என்று 2012இல் தெரிந்தது. 414 பேரிடம் நடந்து 2018இல் வெளியான கனடிய ஆய்வு எம்என்ஐ (பொதுவான மாதிரி மூளையின் ஆய அளவு) −38, 44, 26 என்ற புள்ளியைப் பயன்படுத்தியது. நோயாளியின் டி1 ஸ்கேனை (மூளையின் அமைப்பைக் காட்டும் எம்ஆர்ஐ) எம்என்ஐ வெளிக்குப் பொருத்தி, அந்தப் பொருத்தத்தைத் தலைகீழாக்கிப் புள்ளியை அவர் தலைக்குக் கொண்டுவர வேண்டும். இங்கே திசை மாறிப்போவதும், இடம்-வலம் புரள்வதும் அடிக்கடி நடக்கும் தவறுகள். ஸ்கேனுக்கு முன் இடது நெற்றிப்பொட்டில் ஒரு வைட்டமின் இ மாத்திரையை ஒட்டிவிடுங்கள். படத்தில் அது எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்தால் போதும்.

சொந்த ஸ்கேனிலிருந்து இலக்கு எடுப்பதே சிறந்தது என்று தோன்றும்; சான்று இன்னும் அப்படிச் சொல்லவில்லை. செயிண்ட் எனும் அதிவேக டிஎம்எஸ் முறை அப்படித்தான் இலக்கு எடுக்கிறது. அதன் 2022 சோதனையில் நல்ல பலன் கிடைத்தது. ஆனால் நாளுக்கு 10 அமர்வு, அமர்வுக்கு 1,800 துடிப்பு, 5 நாள் என மொத்தம் 90,000 துடிப்புகள். பலன் இலக்காலா, அளவாலா என்று பிரிக்க முடியாது. பிரிட்டனில் 255 பேரிடம் நடந்த பிரைட்மைண்ட் சோதனை, மூளையின் உட்பகுதியான வலது முன் இன்சுலாவுடனான தொடர்பைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் தனி இலக்கு எடுத்தது. 26 வாரத்தில், எஃப்3இல் கொடுத்த வழக்கமான தூண்டலைவிட மேலாக அமையவில்லை.

தடுமாற்றத்துக்குக் காரணம் தரவு. சப்ஜெனுவல் பகுதி காற்றறைகளுக்கு மேலே இருப்பதால் சிக்னல் தேய்ந்துவிடும். 6–8 நிமிட ஸ்கேனில் கிடைக்கும் இலக்கு மறுநாள் ஸ்கேனில் இடம் மாறலாம். குளோபல் சிக்னலை (மூளை முழுவதன் சராசரி சிக்னல்) நீக்கினால் எதிர்த்தொடர்பு மிகைப்படும். ஆய்வின் நடுவில் அந்த அமைப்பை மாற்றாதீர்கள். குறைந்தது 30 நிமிடம் எடுங்கள். தரவை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே இலக்கு கணக்கிடுங்கள். இரண்டும் 1 செ.மீ.க்கு மேல் விலகினால், அந்த நோயாளிக்குச் சராசரி வரைபடத்தின் புள்ளியையே வையுங்கள்.