கால்வாய்க் கரையா, தேரிக்காடா? கிராவல் சைக்கிளுக்கு எது தோது

மண் பாதையில் ஓட்டுவதற்கான அகல டயர் சைக்கிள்தான் கிராவல் சைக்கிள். அதற்கு இரண்டு இடம்: திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவி, பத்தமடை பக்கம் கன்னடியன் கால்வாய்க் கரை. தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம், குதிரைமொழி பக்கம் தேரி, அதாவது செம்மணல் மேடு. இரண்டிலும் பஸ், லாரித் தொல்லை இல்லை. ஆனால் ஒன்றுக்குப் பூட்டிய டயர் மற்றதில் உருப்படாது.

கரை இறுகிய மண். 40 மில்லிமீட்டர் டயரும் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றும் தாராளம். ஏற்றமே கிடையாது. தொந்தரவு ஐப்பசி, கார்த்திகையில்தான்: களிமண் டயரில் அப்பி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கு நடுவே அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். குச்சியால் நோண்டியெடுக்காமல் அழுத்தி மிதித்தால் பின்னால் கியர் மாற்றும் டீரெய்லர் முறியும். படித்துறையில் ஆள் குளித்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போவதே மரியாதை.

தேரி நேரெதிர். மழை பெய்தால்தான் மணல் கெட்டிப்படும். அந்த இரண்டொரு நாள் அருமையான ஓட்டம். காய்ந்துவிட்டால் 50 மில்லிமீட்டர் டயரில் 20 பிஎஸ்ஐ வைத்தாலும் முன்சக்கரம் புதையும். லேசான கியர், பின்னால் சாய்ந்த உடம்பு, ஹேண்டிலில் தளர்ந்த பிடி, அவ்வளவுதான் வித்தை. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது மணல் தடத்தை மூடிவிடும். அந்த மாதம் அங்கே போவது வீண் பாடு. உடைமுள்ளுக்கு டியூப்லெஸ் (உள்டியூப் இல்லாத டயர்), சக்கரத்துக்கு 60 மில்லிலிட்டர் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) கட்டாயம். செயினில் எண்ணெய் போட்டால் மணல் ஒட்டிக் கியர்ப் பல்லை அரைக்கும், மெழுகு நல்லது. மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். குதிரைமொழியில் காப்புக்காடும் உண்டு, வனத்துறையைக் கேட்காமல் உள்ளே இறங்காதீர்கள்.

புதியவருக்குக் கரைதான். தேரிக்கு, மழை விட்ட மறுநாள் காலை கிளம்புங்கள்.