ஏ சான்றிதழா, நேரடி ஓடிடியா: வழக்கு வந்தால் எது காக்கும்?

பாளையங்கோட்டையைச் சுற்றி எடுத்து முடித்த, வயது வந்தோருக்கான எங்கள் சிறிய படத்தைத் தணிக்கைக்கு அனுப்புவதா, நேரடியாக ஓடிடிக்குக் கொடுப்பதா என்ற கேள்வி எழுந்தபோது நான் தணிக்கையையே தேர்ந்தெடுத்தேன்.

அதில் இழப்புகள் உண்டு. ஏ சான்று பெற்ற படத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது. வெட்டுகளுக்குத் தலையாட்ட வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு அலைய வேண்டும். ஓடிடியிலோ, 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி வயது வகைப்பாட்டைத் தளமே செய்துகொள்கிறது. நடிப்பவர் பதினெட்டு வயது நிரம்பியவர் என்பதற்கான சான்றை இரண்டு வழியிலும் கையில் வைத்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம்தான்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: எங்கோ ஓர் ஊரில் யாரோ படம் ஆபாசம் என்று புகார் கொடுத்தால், நான் எதைக் காட்டுவேன்? இந்தி இயக்குநர் ராஜ் கபூர் மீதான ஆபாச வழக்கில், தணிக்கைச் சான்று பெற்று நல்லெண்ணத்துடன் படத்தைத் திரையிட்டவருக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 79ஆம் பிரிவு பாதுகாப்புத் தரும் என்று கூறி, உச்ச நீதிமன்றம் 1979இல் அந்த வழக்கையே ரத்து செய்தது. அப்பிரிவு இன்று, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 17ஆம் பிரிவாகத் தொடர்கிறது. சான்றிதழ் நீதிமன்றத்தின் வாயை அடைத்துவிடாது என்றாலும், முதல் நாளே நீட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்கிறது.

ஓடிடிக்கு நான் படம் விற்றதில்லை. படித்துப் பார்த்த இரண்டொரு ஒப்பந்தங்களை வைத்தே சொல்கிறேன். சட்டச் சிக்கல் எது வந்தாலும் அதைத் தயாரிப்பாளர் தலையில் கட்டும் வரி அவற்றில் இருந்தது. இணையத்தில் ஆபாசம் வெளியிடுவதற்கான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கே மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். வெளிப்படையான பாலுறவுக் காட்சிகளுக்கான 67ஏ என்றால் ஐந்தாண்டு, பத்து லட்சம் வரை. கொச்சைப் பேச்சு வேறு, ஆபாசம் வேறு என்று 2024 மார்ச்சில் ஓர் இணையத் தொடர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது ஆறுதல்தான். ஆனால் வழக்குப் பதியச் சொன்ன டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவைக் கடந்து அத்தொடரினர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. எனக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய்வரும் செலவே கட்டாது.

வயது வந்தோர் படங்களையே நம்பி ஓடும் சில்லறைச் செயலிகளுக்குக் கொடுக்கும் மூன்றாம் வழியை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. 2025 ஜூலையில் மட்டும் ஒன்றிய அரசு அப்படிப்பட்ட இருபத்தைந்து தளங்களை ஆபாசத்துக்காக முடக்கியது.

ஒன்றை மட்டும் மறந்துவிடக்கூடாது. பழைய காலைக்காட்சிகளில் ‘பிட்’ எனும் தணிக்கையாகாத ஆபாசத் துண்டை ஓட்டியதுபோல், சான்று பெற்ற பிறகு ஒரு காட்சியைச் செருகினாலும் அந்தக் காகிதம் காக்காது. செருகியதே தனிக் குற்றமாகிவிடும். அதனால்தான், எங்கள் படத்தில் வெட்டுப்பட்ட காட்சியை வெளிநாட்டுப் பிரதியிலாவது சேர்க்கலாம் என்று படத்தொகுப்பாளர் கேட்டபோது, அந்தக் கோப்பை இந்தியப் பிரதி இருக்கும் வட்டில் வைக்கவே நான் சம்மதிக்கவில்லை.