விமானத்தை நடுவில் நிறுத்துதல்: 7டி மார்க் 2, 100-400 ஜூம், நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கேனன் 7டி மார்க் 2 கேமராவையும் 100-400 மி.மீ. ஜூம் லென்ஸின் இரண்டாம் பதிப்பையும் பல ஆண்டுகளாகக் கோவை விமான நிலையத்தை ஒட்டிய பொதுச் சாலைகளில் பயன்படுத்தி வருகிறேன். இரண்டும் 2014இல் வெளிவந்தவை. இவற்றின் படத் தெளிவைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டதால், விமானத்தை ஃப்ரேமின் நடுவில் அமர்த்த இவை எவ்வளவு தூரம் துணை நிற்கின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

தள்ளி இழுக்கும் பழைய ஜூமுக்குப் பதிலாக இதில் சுழலும் வளையம் இருப்பதால், இடது கை லென்ஸின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே விரல்களால் அகலத்தைச் சரிசெய்ய முடிகிறது. நெருங்கி வரும் விமானத்தின் மூக்கோ வாலோ வெட்டுப்படாமல் தொடர்வதற்கு இதுவே பெரிய உதவி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் தென்மேற்குப் பருவத்தில் விமானங்கள் பெரும்பாலும் நீலாம்பூர்ப் பக்கமிருந்து காற்றை எதிர்த்து இறங்கும். அப்போது அவை காற்றில் மேலும் கீழும் அசைவதால், எடுக்கும்போதே கச்சிதமாக நடுவில் நிறுத்த முயல்வதைவிட இரு பக்கமும் தாராளமாக இடம் விட்டுப் பின்னர் ஓரங்களை வெட்டி கிராப் செய்வதே நல்லது. 20 மெகாபிக்சல் அதற்குப் போதும்.

கிடைவாட்டில் நடு காண்பது எளிது: மூக்குக்கு முன்னும் வாலுக்குப் பின்னும் சம இடைவெளி விட்டால் போதும். செங்குத்தில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானத்தின் நீளம் 37.57 மீட்டர், சக்கரம் முதல் வால் நுனி வரை உயரம் 11.76 மீட்டர். அகலமும் உயரமும் 3:2 விகிதத்தில் உள்ள ஃப்ரேமின் அகலத்தில் பத்தில் ஒன்பது பங்கை நிரப்பினாலும் உயரத்தில் பாதியைக்கூட அது எட்டுவதில்லை. வால் நுனியையும் சக்கரத்தையும் அளந்து நடுவைக் கணக்கிட்டால், கனமான உடற்பகுதி கீழே இறங்கிப் படம் தொய்ந்து தெரியும். உடற்பகுதியை மட்டும் நடுவில் வைத்தால் விமானம் மேலே ஏறியதுபோல் இருக்கும். ஜன்னல் வரிசை நடுக்கோட்டுக்குச் சற்றே கீழே அமைவதுதான் என் கண்ணுக்குச் சரியாகப் படுகிறது. சக்கரங்களை மடக்கிய பிறகு எடுத்த படத்தில் அடிப்பக்க அளவு குறைந்துவிடுவதால், இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

வியூஃபைண்டரின் கிரிட் கோடுகளை எப்போதும் அணைக்காமல் வைத்திருக்கிறேன். இறங்கும் விமானம் மூக்கைச் சற்று உயர்த்தியிருக்கும் என்பதாலும், பின்னால் தெரியும் மலைத்தொடர் சமமாக இருக்காது என்பதாலும், படத்தின் சாய்வை விளக்குக் கம்பத்தையோ கட்டடச் சுவரையோ வைத்துத்தான் நேராக்க வேண்டும்.

புரொப்பெல்லரில் பறக்கும் ஏடிஆர் 72 விமானம் வந்தால் வேலை கடினம். படத்தில் புரொப்பெல்லர் சுழலாமல் உறைந்து நிற்பதுபோல் தெரியாமலிருக்க ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்கோ அதற்கும் கீழோ இறக்க வேண்டும். அந்த வேகத்தில் கை தடுமாறினால் உடற்பகுதியே மங்கிவிடும். கை அசைவை ஈடுகட்டும் லென்ஸின் நிலைப்படுத்தல் வசதியில், இரண்டாவது முறை விமானத்தைப் பக்கவாட்டில் தொடர்வதற்கென்றே அமைந்தது. அது இல்லாமல் இந்த விமானத்தை நான் எடுப்பதில்லை. வெயில் ஏறியபின் தார்ச்சாலைக்கு மேல் அலையாடும் கானலுக்கு மட்டும் எந்த லென்ஸாலும் மருந்தில்லை, ஆகவே காலை வெளிச்சத்திலேயே முடித்துக்கொள்கிறேன். சூலூர் விமானப்படைத் தளத்தின் பக்கம் கேமராவைக் கொண்டுபோகவே கூடாது. இங்கேயும் காவலர் வேண்டாமென்றால் உடனே பைக்குள் வைத்துவிட வேண்டும்.

இந்த வேலைக்காக செகண்ட் ஹேண்ட் விலையில் இந்த ஜோடி கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ஜூம் வளையத்தின் இறுக்கத்தை மட்டும் கையில் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.